ஓடுகின்ற கணினிக்கு ஏன் செலவு?



சிறிய அச்சகம் நடத்தும் பெற்றோர் ஒருவர் என்னிடம், "கணினி நல்லாத்தானே ஓடுது டீச்சர், எதுக்கு மறுபடியும் பணம் கட்டணும்?" என்று கேட்டார். விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றதே அவருடைய கவலைக்குக் காரணம். நியாயமான கேள்விதான். இதற்கான விடையை வரலாற்றில் தேடிப் பார்ப்போம்.

விண்டோஸ் எக்ஸ்பி 2001 அக்டோபர் 25ஆம் நாள் வெளிவந்தது. 2007 சனவரியில் விஸ்டா கடைகளுக்கு வந்தபோது பல நிறுவனங்கள் அதனை வாங்காமல் எக்ஸ்பியிலேயே தங்கிவிட்டன. பழைய கணினிகளுக்கு விஸ்டா பெருஞ்சுமையாக இருந்தது. பழைய கருவிகள் பல அதனோடு ஒத்துழைக்கவில்லை. அன்று அந்நிறுவனங்கள் காத்திருந்தது தவறன்று என்பது என் கருத்து. ஏனெனில், எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் அப்போதும் வந்துகொண்டிருந்தன.

2014 ஏப்ரல் 8ஆம் நாளோடு அந்தப் பாதுகாப்பு நின்றது. பிரிட்டன் அரசு தன் பொதுத்துறைக் கணினிகளுக்கு மேலும் ஓராண்டுப் பாதுகாப்பைப் பெற ஏறக்குறைய 5.5 மில்லியன் பவுன் செலுத்தியது. அடுத்த ஆண்டு அவ்வொப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை.

2017 மே 12ஆம் நாள், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பிணைப்பணம் கேட்கும் 'வான்னாகிரை' எனும் தீநிரல் பரவியது. ஏறத்தாழ 150 நாடுகளில் 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் முடங்கின. இங்கிலாந்தின் பொது மருத்துவமனைகளில் ஏறக்குறைய 19,000 நோயாளிச் சந்திப்புகள் கைவிடப்பட்டதாகப் பின்னர் மதிப்பிடப்பட்டது.

பழைய எக்ஸ்பியே இதற்கெல்லாம் காரணம் என்று பலரும் எண்ணினர். ஆனால், பாதிக்கப்பட்ட கணினிகளில் பெரும்பாலானவை விண்டோஸ் 7இல் இயங்கியவை. அதற்குரிய திருத்தம் 2017 மார்ச் 14ஆம் நாளே இலவசமாக வெளியிடப்பட்டிருந்தது. இரண்டு மாதங்களாகியும் பலர் அதனை நிறுவவில்லை. ஆகவே, புதிய பதிப்பை வாங்குவது மட்டும் போதாது. அதனைப் பராமரிக்கவும் வேண்டும்.

இந்த வரலாற்றிலிருந்து நான் கற்றது இதுதான்: புதுமைக்காகப் பணம் செலுத்த வேண்டியதில்லை, பாதுகாப்புக்காகச் செலுத்தியே ஆகவேண்டும். திருத்தங்கள் வரும்வரை காத்திருப்பது சிக்கனம். அவை நின்ற பின்னும் காத்திருப்பது சூதாட்டம்.

அந்தப் பெற்றோரிடமும் இதையே கூறினேன். வாடிக்கையாளர் விவரங்களை வைத்திருக்கும், இணையத்தோடு இணைந்த கணினியை முதலில் கவனியுங்கள். தகுதியுள்ள கணினியாயின் விண்டோஸ் 11க்கு இலவசமாகவே மாறலாம். இல்லையெனில், நிறுவனங்களுக்கான நீட்டித்த பாதுகாப்புக்குக் கணினி ஒன்றுக்கு முதலாண்டில் 61 அமெரிக்க வெள்ளி ஆகும்; அடுத்த ஆண்டு அது இரட்டிப்பாகும். எனவே, அதனை நிரந்தரத் தீர்வாகக் கொள்ளாமல், புதிய கணினிக்குப் பணம் சேர்க்கும் கால அவகாசமாகக் கொள்ளுங்கள். அச்சு இயந்திரத்தை மட்டும் இயக்கும் பழைய கணினியை இணையத்திலிருந்தும் மற்றக் கணினிகளிலிருந்தும் துண்டித்துவிட்டுத் தொடர்ந்து பயன்படுத்தலாம்.

மழைக்கு முன் கூரையைச் சரிசெய்யும் செலவு யாருக்கும் இனிப்பதில்லை. நனைந்த பின் ஆகும் செலவோ அதனினும் பெரிது.