தண்டல் அட்டையின் நூறு கட்டங்கள்

அதீத வட்டி வசூலைத் தடுக்கத் தமிழ்நாடு அரசு 2003இல் கொண்டுவந்த சட்டத்தைப் படித்தபோது, அதன் விதிகளைவிடச் சொற்கள்தான் என்னை நிறுத்தின. கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று எங்கள் தெருவில் புழங்கிய சொற்களை ஆங்கிலச் சட்டத்துக்குள் மொழிபெயர்க்காமல் அப்படியே எடுத்து வைத்திருந்தார்கள். தமிழ் படித்தவளுக்குத் தண்டல் புதிய சொல் அல்ல. தண்டுதல் என்றால் வரி வசூலித்தல். பழைய ஆட்சிகளில் அரசனின் ஆள் குடிகளிடம் செய்ததை, தொண்ணூறுகளின் வியாசர்பாடியில் மொபெட்டில் வந்த ஒருவர் தினமும் மாலை ஆறு மணிக்கு என் அம்மாவிடம் செய்தார்.

அம்மா வாசலில் இட்லிக் கடை போட்டிருந்தாள். தண்டல்காரர் ஓர் அட்டை கொடுப்பார். பத்துக்குப் பத்து, நூறு கட்டங்கள். கடன் 2,000 ரூபாய். கைக்கு வருவது 1,700. நாளுக்கு 20 ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். கட்டியதும் ஒரு கட்டத்தில் பேனாவால் ஒரு கீற்று. ‘முந்நூறு ரூபாய்தானே வட்டி’ என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் கரைந்துகொண்டு வருகிறது. நூறு நாளும் அவள் கையில் 1,700 இருந்ததில்லை. சராசரியாகப் பார்த்தால் அதில் பாதிதான். ஆண்டுக் கணக்குப் போட்டால் வட்டி 120 விழுக்காட்டைத் தாண்டும். அம்மாவுக்கு இந்தக் கணக்குத் தெரியாமல் இல்லை. மாலை ஆறு மணிக்கு எந்த வங்கியும் இட்லிக் கடைக்கு வராது என்பதும் அவளுக்குத் தெரியும்.

பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்டுப் பழகிய ஊர் இது. வீடு மாறும் அன்றே கடன் தொடங்கிவிடும்.

தண்டலுக்கு முந்தைய கதவு அடகுக் கடை. 1943இலேயே சென்னை மாகாணத்தில் அடகுக் கடைகளுக்குத் தனிச் சட்டம் வந்துவிட்டது. அந்தக் கடைகளின் தட்டுகளில் இருந்தவற்றை யோசித்துப் பாருங்கள்: கம்மல், மூக்குத்தி, கால் கொலுசு, சீராக வந்த பித்தளை அண்டா, குடம். அநேகமாக எல்லாமே பெண்ணுடைய பொருள்கள். கடன் குடும்பத்துக்கு, ஈடு அவளுடையது. மீட்க முடியாமல் போனால் ‘நகை மூழ்கிடுச்சு’ என்போம். யாரும் மூழ்கடித்ததாகச் சொல்வதில்லை, ஆற்று வெள்ளம் கொண்டுபோனது போல. சிலப்பதிகாரத்தை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்பேன். புது ஊரில் பிழைக்கப் போன குடும்பத்தின் கடைசி முதல், மனைவியின் சிலம்பு. கடைத்தெருவுக்கு அதைக் கொண்டுபோனவன் அவன். கொடுத்த வரலாறு அவளுடையது. நாம் பெரும்பாலும் கேட்ட நீதியைத்தான் பேசுகிறோம், கொடுத்ததைப் பேசுவதில்லை.

1969இல் பதினான்கு வங்கிகள் நாட்டுடைமையாயின. 1972இல் நலிந்தவர்களுக்கு நான்கு விழுக்காடு வட்டியில் கடன் தரும் திட்டம் வந்தது. பூ விற்பவளும் காய்கறிக் கூடைக்காரியும் அந்தக் கடனுக்குத் தகுதியானவர்கள்தான். ஆனால் படிவம், சாட்சிக் கையெழுத்து, வியாபார நேரத்தில் மட்டும் திறந்திருக்கும் கவுண்டர் என்று வங்கியின் படிகள் உயரமாக இருந்தன. 1978இல் ஜெயா அருணாசலம் சென்னையில் தொடங்கிய உழைக்கும் மகளிர் அமைப்பு இந்த இடத்தில்தான் நுழைந்தது. அக்கம்பக்கத்துப் பெண்களைக் குழுவாக்கி, வங்கிக்கும் அவர்களுக்கும் நடுவில் நின்றது. வங்கிகளோடு மல்லுக்கட்டிய அனுபவத்துக்குப் பிறகு 1981இல் சொந்தமாகக் கூட்டுறவுச் சங்கமே தொடங்கினார்கள். கணவன் பெயர் இல்லாமல், தன் பெயரில் ஒரு பேரேட்டுப் பக்கம். இதைச் சிறிய விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன். அம்மாவுக்கு அப்படியொரு பக்கம் கடைசிவரை இல்லை.

ஆனால் ஈடு என்ன ஆயிற்று? நகை கேட்கவில்லை, நிலப் பத்திரம் கேட்கவில்லை. குழுவில் உள்ள மற்ற பெண்களே ஈடு. ஒருத்தி கட்டாவிட்டால் எல்லாருக்கும் அடுத்த கடன் நிற்கும். தோழமையாகத் தொடங்கிய ஏற்பாடு அது. ஒருவருக்கொருவர் கைகொடுத்த கதைகளும் நிறைய உண்டு. 1989இல் தருமபுரியில் அரசின் சுய உதவிக் குழுக்கள், 1992இல் நபார்டின் வங்கி இணைப்பு என்று இந்த வடிவம் பரவியது. பின்னால் வந்த தனியார் நுண்கடன் நிறுவனங்கள் தோழமையை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரியின் கண்ணை மட்டும் எடுத்துக்கொண்டன. 2010இல் ஆந்திராவில் தற்கொலைகளுக்குப் பிறகு அவசரச் சட்டம் வரும் அளவுக்கு அது போனது. அடகுக் கடையில் மூக்குத்தி மூழ்கியது. இங்கே மூழ்குவது மானம். அதற்கு ரசீதும் கிடையாது.

‘பெண்கள் ஒழுங்காகத் திருப்பிக் கட்டுவார்கள்’ என்று மேடைதோறும் பாராட்டுகிறார்கள். எதிலிருந்து எடுத்துக் கட்டுகிறாள் என்று அந்த மேடைகளில் நான் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் வெட்டு விழும் வரிசை எனக்கு மனப்பாடம். முதலில் அம்மாவின் டீயில் பால் போகும். அப்புறம் மீன் குழம்பில் அவள் பங்குத் துண்டு. அவளுக்குத் தலை பிடிக்கும் என்று நாங்கள் நம்பினோம். அப்புறம் பஸ்: வியாசர்பாடியிலிருந்து மூலக்கொத்தளம் வரை நடந்துவிடுவாள். கடைசியில் பிரஷர் மாத்திரை ஒருநாள் விட்டு ஒருநாள். என் டியூஷன் பணம் ஒரு மாதமும் தவறியதில்லை. சிக்கனம் என்று வீட்டில் எல்லாரும் சொன்னது, பெரும்பாலும் அவள் ஒருத்தியின் உடம்பில் நடந்தது.

2000ஆம் ஆண்டிலிருந்து நகரத்தின் குடிசைப் பகுதி மக்களை ஒக்கியம் துரைப்பாக்கத்துக்குக் கொண்டுபோய்க் குடியமர்த்தினார்கள். அந்த இடத்துக்குக் கண்ணகி நகர் என்று பெயர் வைத்தவர்கள் சிலம்பை நினைத்திருக்க மாட்டார்கள். மயிலாப்பூரில் வீட்டுவேலை செய்தவள் அதே வேலைக்கு இப்போது பஸ் ஏறி வர வேண்டும். வேலை பழைய இடத்தில், கடன் புதிய இடத்தில். 2021இல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனது. 2023 செப்டம்பரிலிருந்து தகுதியுள்ள குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகை வருகிறது. அங்கிருந்து வரும் என் மாணவி ஒருத்தியிடம், அந்த ஆயிரத்தை அம்மா என்ன செய்கிறார் என்று கேட்டேன். “குழு லோனுக்குப் போயிடும் மேடம். ஆனா அது வர்றதுக்கு முன்னாடி அம்மா என்கிட்ட ஸ்காலர்ஷிப் காசு கேட்பாங்க. இப்ப கேக்கறதில்ல” என்றாள்.

அம்மா இறந்தபின் டிரங்குப் பெட்டியில் ஒரு தண்டல் அட்டை கிடைத்தது. தொண்ணூற்றொன்பது கட்டங்களில் கீற்று இருக்கிறது. எழுபத்து மூன்றாவது மட்டும் காலி. எழுபத்து நான்கில் அழுத்தி இரண்டு கீற்று. அந்த ஒருநாள் வியாபாரம் ஏன் நடக்கவில்லை, மாலையில் வாசலில் வந்து நின்றவரிடம் அவள் என்ன சொன்னாள் என்று அண்ணனைக் கேட்டேன். அப்படியொரு கடன் இருந்ததே அவனுக்குத் தெரியவில்லை.