டிப்புவின் கூடாரமும் என் ஒரு கிலோ டேராவும்

போன ஜூனில் மூன்று நாள் லீவு கிடைத்தது. முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு இங்கிலாந்து-வேல்ஸ் எல்லையில் போகும் ஆஃபாஸ் டைக் பாதையில் நடக்கக் கிளம்பிவிட்டேன். (மொத்தப் பாதை 285 கிலோமீட்டர். நான் நடந்தது ஒரு துண்டுதான், பெருமை பேசவில்லை.) மூட்டைக்குள் புதிதாக வாங்கிய ஓராள் கூடாரம், எடை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. போனில் சொன்னதும் அம்மா கேட்டது: "வாடகை குடுத்து வீடு எடுத்திருக்கே. அதை விட்டுட்டு வயக்காட்டுல டேரா போடறதுக்கா அவ்ளோ தூரம் போனே?"

டேரா! கூடாரத்தைவிட, வந்தால் கிளம்பாத விருந்தாளிக்குத்தான் நாம் இந்தச் சொல்லை அதிகம் செலவழிக்கிறோம். நான் வளர்ந்தது மைசூர் மண்டி மொஹல்லாவில். வீட்டுக்குள் தமிழ், வாசலில் உருது, பள்ளிக்கூடத்தில் கன்னடம். அந்தப் பெயர்களுக்குள் ஒரு பட்டாளமே படுத்திருக்கிறது என்பது ஊரைவிட்டு வந்த பிறகுதான் உறைத்தது. மொஹல்லா என்பதன் அரபு வேர், சுமையை அவிழ்த்து இறக்கித் தங்குவது. மொராக்கோவில் மஹல்லா என்றால் படை முகாம். எங்களுக்குப் பக்கத்தில் லஷ்கர் மொஹல்லா. லஷ்கர் என்றால் படை. அதே சொல் வெள்ளைக்காரன் வாயில் லாஸ்கர் ஆகி, கப்பலில் வேலை செய்பவனையும் பீரங்கி இழுப்பவனையும் கூடாரம் அடிப்பவனையும் குறித்தது. தமிழ்நாட்டுப் பொதுப்பணித் துறையில் மதகு திறக்கும் ஊழியருக்கு லஸ்கர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டதும் அந்த வழியில்தான்.

சரி, நடைக்கு வருவோம். இரண்டாம் நாள் வெல்ஷ்பூல் அருகே வந்தேன். அங்கே போவிஸ் கோட்டை இருக்கிறது. அதற்குள் நம்ம ஊர் சாமான் ஒன்று: டிப்பு சுல்தானின் கூடாரம். பருத்தித் துணி, வெள்ளைத் தரையில் சாயமேற்றிய பூச்சாடிகளும் கொடிகளும். 1725-50 வாக்கில், அநேகமாக புர்ஹான்பூரில் செய்தது என்கிறார்கள். அதாவது டிப்புவைவிடக் கூடாரத்துக்கு வயது அதிகம். 1799 மே 4ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. அப்போது சென்னையில் கவர்னர் ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்ட் கிளைவ். அவர் வழியாகத்தான் கூடாரம் இங்கே வந்து சேர்ந்தது. பிறகு இந்தக் குடும்பம் அதைத் தோட்ட விருந்துகளுக்கு விரித்தது. மண்டியிலிருந்து ஸ்ரீரங்கப்பட்டணம் பதினைந்து கிலோமீட்டர்தான். அந்தக் கூடாரத் துணியைப் பார்க்க நான் வேல்ஸ் வரைக்கும் வரவேண்டியிருந்தது. வாசலில் டிக்கெட் வேறு.

கண்ணாடிக்கு முன்னால் நின்றபோது முதலில் வந்தது கோபமில்லை, கணக்கு. இதைத் தூக்கியது யார்?

எட்வர்டின் மனைவி ஹென்ரியட்டா 1800ல் இரண்டு மகள்களோடு சென்னையிலிருந்து பெங்களூர், ஸ்ரீரங்கப்பட்டணம், மைசூர் என்று சுற்றினார். யானை, ஒட்டகம், காளை, நூற்றுக்கணக்கில் ஆட்கள். சின்ன மகள் சார்லட் நாட்குறிப்பு எழுதினாள். கூடாரத்தைச் சுருட்டியவர்கள் யாரும் எழுதவில்லை. அதற்குச் சில வருடம் முன்னால், 1791 மே மாதம், கார்ன்வாலிஸ் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனதற்குக் காரணம் டிப்புவின் பீரங்கி மட்டுமில்லை. மழை, பஞ்சம், காளைகள் செத்தன. இழுக்க மாடில்லாததால் தன் பெரிய பீரங்கிகளைத் தானே உடைத்துப்போட்டுவிட்டுப் போனார். மறு வருடம் திரும்பி வந்தார். 1792 பிப்ரவரி 26ல் டிப்புவின் இரண்டு சின்னப் பையன்களைப் பணயமாக வாங்கிக்கொண்டதும் தன் கூடாரத்து வாசலில்தான்.

பின்னாளில் இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படை கூடாரங்களை எடையை வைத்தே அழைத்தது: 80 பவுண்டு கூடாரம், 40 பவுண்டு கூடாரம். சின்னதான 40 பவுண்டே பதினெட்டு கிலோ! அதிகாரி அதற்குள் படுப்பார், தூக்கமாட்டார்.

என் சந்தேகம் இதுதான். லேசான கூடாரம் செய்ய நைலான் வரவேண்டும் (அது 1938ல் அறிவிக்கப்பட்டது) என்று கட்டாயமே இல்லை. ஆல்ப்ஸில் எட்வர்ட் விம்பர் 1860களில் செய்த கூடாரம் பத்து கிலோ, நாலு பேருக்கு. சுமக்க ஆள் உண்டு. அவருக்குப் பின் வந்த மம்மெரி வழிகாட்டிகளை விட்டுவிட்டு நண்பர்களோடு மட்டும் ஏறினார். சாமானைத் தானே தூக்கவேண்டி வந்ததும் கூடாரம் பட்டாக மெலிந்தது. தனிக் கம்பு கிடையாது, பனிக்கோடரியையே நட்டுக்கொண்டார். முதுகு தன்னுடையது என்றானதும் எடை தானாகக் குறைந்துவிட்டது! (அவரும் 1895ல் நங்க பர்பத்தில் ரகோபிர், கோமன் சிங் என்ற இரண்டு கூர்க்காக்களோடு காணாமல் போனார். அங்கே அவரும் தனியாகப் போகவில்லை.)

கையிலிருப்பதையே கம்பாக்கும் வித்தை நமக்குப் புதிதில்லை. முல்லைப்பாட்டுப் பாசறையில் வில்லை ஊன்றி, அம்புத்தூணியைத் தொங்கவிட்டு, கயிறு இழுத்துக் கட்டுகிறார்கள். என் கூடாரமும் அந்த ஜாதிதான். கைத்தடியை நடுவில் நிறுத்தினால்தான் நிற்கும்.

எப்படி இருக்கிறது என்று கேட்டால்: தூக்க சுகம், தூங்க சுமார். சிலிக்கான் பூசிய நைலான், ஒரே அடுக்கு. செவர்ன் ஆற்றோரத்தில் ஒரு விவசாயியிடம் அனுமதி கேட்டு அடித்தேன். காற்றே இல்லை. விடியும்போது என் மூச்சு முழுக்கத் துணியில் முத்து முத்தாக நின்று கழுத்தில் சொட்டியது. மழைக்கு நைலான் தொய்ந்தது, நடுராத்திரி எழுந்து கயிறை இழுத்துவிட்டேன். பழைய பருத்திக் கூடாரங்களில் இது குறைவு. பருத்தி மூச்சு விடும், நனைந்தால் நூல் உப்பி ஓட்டை அடையும். நல்ல கூடாரத்துக்கு மேலே இன்னொரு கூரை விரித்து நடுவில் காற்றுக்கு இடம் விடுவார்கள். இன்றைய ஈரடுக்குக் கூடாரம் செய்வதும் அதைத்தான், முன்னூறு நானூறு கிராம் கூடும். வேல்ஸ் கோடைக்கு என்னுடையது போதும். குதிரேமுக் பக்கம் மழைக்காலத்தில், அட்டைகளோடு, இதை நம்பி நான் படுக்கமாட்டேன். அங்கே இரண்டு அடுக்கும் தைத்த தரையும் கொசுவலையும் வேண்டும்.

டிசம்பரில் மைசூர் போகும்போது எடுத்துப்போகிறேன். மொட்டைமாடியில் அடித்து அம்மாவுக்குக் காட்டணும். சிமெண்டில் ஆணி இறங்காது, கயிறு கட்ட ஆறு செங்கல் தேடவேண்டும்.