குண்டு விழுந்த எல்லையும் கீழூர் வாக்கும்

நம் உயர் மறைமாவட்டத்தின் பெயரில் இரண்டு ஊர்கள் இருக்கின்றன. 1953ஆம் ஆண்டு முதல் ‘புதுவை – கடலூர்’ என்றே எழுதி வருகிறோம். இரு நகர்களுக்கும் இடையே சுமார் இருபது கிலோமீட்டர்தான். ஆனால் இவற்றைச் சுற்றியுள்ள கிராமங்கள் இருவர் ஆட்சிக்கும் மாறி மாறிப் போன கதை நீளமானது. ஜூபிலி காணும் இவ்வேளையில் அதில் சிறிதேனும் நம் இளைஞர்கள் அறிய வேண்டும்.

1690இல் ஆங்கிலேயக் கும்பெனியார், செஞ்சியிலிருந்த மராத்திய மன்னர் இராஜாராமிடமிருந்து தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கினர். கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும்? கயிறு பிடித்து அளக்கவில்லை. பீரங்கிக் குண்டு பாயும் தூரம் வரை என்பது பேச்சு! அப்போது சென்னையில் ஆளுநர் எலிகு யேல். பெரிய பீரங்கி ஒன்று சென்னையிலிருந்து வந்தது. பல திசையிலும் சுட்டார்கள். குண்டு எட்டிய ஊர்களெல்லாம் கும்பெனிக்குச் சொந்தமாயின. கடலூர்ப் பட்டணமும் அதற்குள் அகப்பட்டது. ‘குண்டு கிராமங்கள்’ என்ற பெயர் நெடுநாள் வழங்கிற்று. உழுதவனைக் கேட்டா சுட்டார்கள்?

புதுவைப் பக்கமும் அப்படித்தான். 1674 முதல் அங்கிருந்த பிரெஞ்சுக்காரருக்கு வில்லியனூர், பாகூர் பகுதிகள் 1749இல் சந்தா சாகிபு மூலம் கிடைத்தன. பிறகு யுத்தங்கள். 1761, 1778, 1793 என மும்முறை ஆங்கிலேயர் பிடித்தனர். மும்முறையும் உடன்படிக்கையால் திரும்பக் கொடுத்தனர். கடைசியாகக் கைமாறியது 1816இல். பாரிசிலும் வெர்சாயிலும் கையெழுத்தானது. பாகூர் ஏரித் தண்ணீரில் பயிர் செய்தவன் வரி கட்டும் கச்சேரி மாறிற்று.

நிலத்தை ஒரே பரப்பாகக் கோடு கிழித்துக் கொடுக்கவில்லை. வரி வரும் கிராமம் கிராமமாகக் கொடுத்தார்கள். ஆகவே புதுவை துண்டு துண்டாயிற்று. விழுப்புரம் பேருந்தில் போகிறவர்கள் கவனித்திருப்பீர்கள்: வில்லியனூர் தாண்டினால் கண்டமங்கலம், அது தமிழ்நாடு, அடுத்து திருபுவனை, மறுபடி புதுவை. எல்லைக்கல்லைத் தேட வேண்டியதில்லை, சாராயக்கடைப் பலகைகளே சொல்லிவிடும்!

இன்று இது வேடிக்கை, அன்று துன்பம். பிரெஞ்சிந்தியாவுடன் இருந்த சுங்க உடன்பாடு 1949இல் முடிந்ததும் இந்திய அரசு எல்லையில் சுங்கச் சோதனை வைத்தது. பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊர்களுக்கு நடுவே சாவடிகள் நின்றன.

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடியவர்கள் 178 பேர். மக்கள் தேர்ந்தெடுத்த சட்டசபை உறுப்பினர்களும் நகரசபை, கொம்யூன் உறுப்பினர்களும். 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். எட்டுப் பேர் மறுத்தனர். வீட்டுக்கொரு வாக்கு இல்லைதான். ஆயினும் குண்டு சுட்டு எல்லை வைத்த காலத்தோடு ஒப்பிட்டால் அது பெரிய காரியம். நவம்பர் 1 அன்று ஆட்சி மாறிற்று. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16இல் நிறைவேறியது.

1956இல் கையெழுத்தான ஒப்பந்தத்தில் ஒரு வாசகம் உண்டு: இப்பகுதிகளின் அரசியலமைப்பு நிலையை மாற்றுவதானால் மக்கள் விருப்பத்தை அறிந்த பிறகே மாற்ற வேண்டும். 1979 ஜனவரியில், அண்டை மாநிலங்களுடன் புதுவையை இணைக்கும் பேச்சு எழுந்தது. மக்கள் தெருவில் இறங்கினர், துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்களும் போயின. இணைப்புப் பேச்சு கைவிடப்பட்டது. கண்டமங்கலம் தமிழ்நாட்டிலும் திருபுவனை புதுவையிலுமாக அப்படியே இருக்கின்றன.