வழி இல்லாத குன்றுகள்

போன மாசி மாசக் கடைசியில், திண்டிவனத்திலிருந்து செஞ்சி போகிற சாலையில் ஒரு சின்னக் குன்றின் அடியில் வண்டியை நிறுத்தினேன். கோயில் இல்லை, படிக்கட்டு இல்லை. பாறையும் புதருமாக ஒரு மேடு, அவ்வளவுதான். அடிவாரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருத்தர் என்னையும் என் தண்ணி பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மேல என்னா இருக்குன்னு போற தம்பி? வழியே கெடையாதே."

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "சும்மா பாத்துட்டு வரலாம்னு" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "அப்போ அந்த வெப்பால மரத்துப் பக்கமா போ. ஆடு ஏற்ற எடம் அது. நேரா போனா சூரைமுள்ளு கிழிச்சிரும்" என்றார்.

அவர் சொன்னபடிதான் ஏறினேன். இளவேனில் என்றால் ஏட்டுக் கணக்கில் சித்திரையும் வைகாசியும். எங்க பக்கம் அப்போ ஏறினால் பாறை காலைச் சுட்டுவிடும். எங்களுக்கு வசந்தம் என்பது மாசியும் பங்குனி முதல் பாதியும்தான். பனி விலகியிருக்கும், வெயில் இன்னும் முற்றியிருக்காது. காயா மரம் நீலமாகப் பூக்கத் தொடங்கும். மரக்காணம் பக்கம் கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: காயா, வீரை, இரும்பிலி மாதிரி மரங்கள்தான் இந்தக் கரையோரத்தின் பழைய காடு. சாமிக்குப் பயந்து விட்டுவைத்த இடத்திலும், ஏர் ஏறாத பாறை மேட்டிலும்தான் அதில் கொஞ்சம் மிச்சம் இருக்கு.

உச்சிக்குப் போக முக்கால் மணி நேரம் ஆனது. பெரியவர் கேட்ட கேள்வி மட்டும் கூடவே வந்தது. மேல என்னா இருக்கு?

ஊர்க்காரர் ஒரு குன்றில் ஏறுவதற்குக் காரணம் இருக்கும். விறகு, மேய்ச்சல், பச்சிலை, சுனைத் தண்ணி, சாமி. காரணம் இருக்கிற இடத்துக்கெல்லாம் வழி விழுந்துவிடும். வழி இல்லாத உச்சி என்றால் அங்கே யாருக்கும் வேலை இல்லை என்று பொருள். ஆனால் சரித்திரத்தில் இரண்டு வகை ஆட்களுக்கு அங்கே வேலை இருந்தது. ஒருவர் சிப்பாய், இன்னொருவர் சர்வேயர். இரண்டு பேருக்கும் வேண்டியது ஒரே பொருள்: பார்வை.

சிப்பாய்க்குப் பெருமுக்கல் நல்ல உதாரணம். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற வழியில் தனியாக நிற்கிற குன்று. 1760 ஜனவரியில் வந்தவாசிப் போரில் பிரெஞ்சுக்காரர் தோற்றபின், அயர் கூட்டின் படை புதுச்சேரியை நோக்கி வரும்போது இந்தக் குன்றை விட்டுவிட்டு வர முடியவில்லை. அதைச் சண்டை போட்டுப் பிடித்த பிறகுதான் மேலே நகர்ந்தது. 1780களில் ஹைதர் அலியின் படையும் இதே குன்றுக்காக வந்து மோதியது. சுற்றிலும் சமவெளி. அதில் ஒற்றைக் குன்றைப் பிடித்தவன் சாலையையும் பார்ப்பான், வருகிறவனையும் பார்ப்பான்.

சர்வேயர் கதை இதைவிட விசித்திரமானது. 1802 ஏப்ரலில், வெயில் கொளுத்துகிற நேரத்தில், வில்லியம் லாம்டன் என்கிற ராணுவ அதிகாரி சென்னை பரங்கிமலைப் பக்கம் தரையில் சங்கிலி போட்டு ஒரு நேர்கோட்டை அளந்தார். நூறடி எஃகுச் சங்கிலி. வெயிலில் இரும்பு நீளும் என்பதால், அளக்கும்போதெல்லாம் வெப்பமானியைப் பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும். ஏழரை மைல் அளந்து முடிக்க மே மாதம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு தரையில் அளக்கிற வேலை ரொம்பக் குறைவு. ஒரு பக்கத்தின் நீளமும் கோணங்களும் தெரிந்தால் முக்கோணத்தின் மற்ற இரண்டு பக்கங்களையும் கணக்கிலேயே எடுத்துவிடலாம். அந்தப் பக்கத்தின் மேல் அடுத்த முக்கோணம், அதன் மேல் இன்னொன்று. இப்படியே போய்க்கொண்டே இருக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை: முக்கோணத்தின் மூன்று முனைகளும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும்.

அதற்குத்தான் குன்று. பூமி வளைந்திருப்பதால் தரையில் நிற்கிறவனுக்குத் தொடுவானம் ஐந்து கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். நூறு மீட்டர் உயரத்தில் நின்றால் அது 36 கிலோமீட்டர் வரை தள்ளிப் போகும். அந்த உயரத்தில் இரண்டு குன்றுகள் இருந்தால், எழுபது கிலோமீட்டர் இடைவெளியிலும் ஒன்றின் தலை இன்னொன்றுக்குத் தெரியும். சமவெளிக்கு நடுவே நிற்பதால்தான் நம்ம ஊர்க் குட்டிக் குன்றுகளுக்கு இந்த மரியாதை.

லாம்டன் அளந்த முதல் வில் இந்தக் கடற்கரையை ஒட்டியே போனது. மதுராந்தகம் பக்கத்துக் கருங்குழிக் குன்று அதில் ஒரு முக்கியமான புள்ளி. தெற்கு முனை கடலூருக்குப் பக்கத்தில் திருவந்திபுரம். ஹயக்ரீவர் சன்னதி இருக்கிற மலை உள்ள அதே ஊர். இந்த இரண்டு இடத்துக்கும் நடுவில்தான், 12 டிகிரி அட்சக்கோட்டை ஒட்டி, எங்க குயிலாப்பாளையம் இருக்கு. பூமி துருவத்தில் எவ்வளவு தட்டை என்று அப்போது கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு, நாம் பஸ்ஸில் தாண்டிப் போகிற குன்றுகள் சாட்சி சொல்லியிருக்கின்றன. பின்னாளில் இமயம் வரைக்கும் போன அளவைக்கு இது ஆரம்பம்.

குன்று இல்லாத இடத்தில் என்ன ஆனது என்பதற்கும் ஒரு கதை உண்டு. 1808இல் தஞ்சாவூர்ச் சமவெளியில் வேறு வழியில்லாமல், அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியைக் கயிறு கட்டிப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றப் பார்த்தார்கள். அது சுவரில் மோதி நசுங்கியது. லாம்டன் கூடாரத்துக்குள் உட்கார்ந்து வாரக்கணக்கில் அதைத் தட்டித் தட்டிச் சரிசெய்தார்.

இந்தக் கதைகள் எல்லாவற்றிலும் கருவிக்குப் பெயர் இருக்கு, அதிகாரிக்குப் பெயர் இருக்கு. ஆனால் அந்த அரை டன்னை வழி இல்லாத குன்றுகளின் மேலே சுமந்தது யார்? பார்வையை மறைத்த மரங்களை வெட்டியது யார்? தூரத்துக் குன்றில் கொடியைப் பிடித்துக்கொண்டு, ராத்திரி விளக்கைக் கொளுத்திக்கொண்டு காத்துக் கிடந்தது யார்? மழை பெய்து ஓய்ந்தால் காற்று தெளிந்து தூரம் துல்லியமாகத் தெரியும். அதற்காக 1819இல் ஜார்ஜ் எவரெஸ்ட் மழைக்காலத்திலேயே ஹைதராபாத் பக்கக் காட்டில் வேலை செய்தார். காய்ச்சல் வந்து கூட்டமே படுத்தது, ஆட்கள் செத்தார்கள். எவரெஸ்ட் பெயர் சிகரத்துக்குப் போனது. "இந்தப் பக்கமா ஏறு, அந்தப் பக்கம் முள்ளு" என்று சொன்ன ஆளின் பெயர் எங்கேயும் போகவில்லை.

அந்த ஆள் இல்லாமல் ஒரு முக்கோணமும் மூடியிருக்காது என்பதே என் எண்ணம். வெப்பாலை மரத்துப் பக்கம் ஏறிப் பார்த்த பிறகு இன்னும் உறுதியாகச் சொல்கிறேன்.

உச்சியில் ஒரு பாறை, அதன் பிளவில் ஒரு கள்ளி. வேறு எதுவும் இல்லை. ஆனால் மேற்கே செஞ்சி மலைகள் தெரிந்தன. கிழக்கே வயலும் ஏரியுமாக விரிந்து கடல் பக்கம் மங்கியது. நடுவே ஒரு குன்றின் பாதியைக் குவாரி தின்றிருந்தது. ஜல்லிக்காகக் குன்றுகள் இப்படிக் குறைந்துகொண்டே வருகின்றன. "சும்மா கெடக்குற கல்லுதானே" என்பதுதான் எல்லாரும் சொல்கிற நியாயம். உச்சியை வெட்டி எடுத்தால் கல் மட்டும் போவதில்லை. காயா மரமும் போகும், ஆடு ஏறுகிற வழியும் போகும், அங்கிருந்து தெரிந்த எல்லாமும் போகும்.

இறங்கி வந்தபோது பெரியவர் அதே இடத்தில் இருந்தார். "பாத்தியா, மேல ஒண்ணும் இல்லல்ல?" என்றார்.

"இங்கேர்ந்து செஞ்சி வரைக்கும் தெரியுது பெரியவரே" என்றேன்.

"அது தெரியும்" என்றார். "ஆடு காணாமப் போனா நாங்க அங்க ஏறித்தான தேடுவோம்."