துடைப்பவனுக்குச் சட்டம் வைத்த இடம்

லாரி தொழிலில் மூன்று பேர். ஓனர், டிரைவர், கிளீனர். ஓனர் வண்டியில் இருக்க மாட்டார், அவர் குடும்பப் பெயர் மட்டும் முன்கண்ணாடிக்கு மேலே இருக்கும். டிரைவர் ஓட்டுவார். மூன்றாவது ஆள் தார்ப்பாய் கட்டுவான், கயிறு இழுத்து முடிச்சுப் போடுவான், டயரைத் தட்டிப் பார்ப்பான், பின்னால் நின்று 'வரட்டும் வரட்டும்' என்பான், சோறு பொங்குவான், இரவெல்லாம் "அண்ணே, தூங்கிராதீங்கண்ணே" என்று பேச்சுக் கொடுப்பான். இத்தனையும் செய்பவனுக்குப் பெயர் துடைக்கிற வேலையிலிருந்துதான் வந்தது. நம் நாட்டில் துடைக்கும் வேலையின் பெயரை ஒருவர் தலையில் ஒட்டினால் அது சாதாரணப் பெயராக நிற்பதில்லை. எல்லாச் சாதியிலிருந்தும் கிளீனர்கள் வந்தார்கள், உண்மை. ஆனால் 'டேய் கிளீனர்' என்று கூப்பிடும் குரலை நாம் வேறு இடங்களிலும் கேட்டிருக்கிறோம்.

என்னத்தைத் துடைத்தான்? பம்பர், ஹெட்லைட் வளையம், கண்ணாடிச் சட்டம், வீல் கப் எல்லாம் குரோம். படிக்கட்டுத் தகடும் ஓரப்பட்டையும் அலுமினியம். இந்த இரண்டும் சென்னைக்குள் தொழிலாக நுழைந்ததில் ஒரு வேடிக்கை உண்டு. ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1898ல் மெட்ராஸ் கலைப்பள்ளியில் அலுமினியப் பாத்திரம் செய்யத் தொடங்கினார். 1900ல் அதற்கென்றே ஒரு கம்பெனி உருவானது. அடுத்த சில ஆண்டுகளில் அதே ஆள் குரோம் உப்பு கொண்டு தோல் பதனிடும் சோதனையில் இறங்கினார். கவலை இறைக்கும் தோல்பை நீண்ட நாள் உழைக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. தோல் என்றதும் யார் கை அந்தத் தொட்டியில் இறங்கியது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இரும்பின் மேல் குரோம் முலாம் பூசுவது 1920களில் அமெரிக்காவில் வணிகமாகி, கார், லாரி வழியாக உலகமெங்கும் போனது. அந்தப் பளபளப்பு ஒரு முடியின் தடிமனில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. அடியில் நிக்கல், அதற்கும் அடியில் இரும்பு. செங்கல்பொடியோ மணலோ வைத்துத் தேய்த்தால் குரோம் போய்விடும், பிறகு துரு. அலுமினியத்துக்கு வேறு வம்பு: சலவை சோடா பட்டால் கறுத்துப்போகும். எதை எதால் தேய்க்கலாம், எங்கே பனியன் வேஸ்ட் போதும், எங்கே மண்ணெண்ணெய் தொட்டுக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் ஒரு அறிவு. பள்ளிக்கூடம் போகாத பையன்கள் அதைக் கற்று வைத்திருந்தார்கள். அதற்குத் 'திறன்' என்று யாரும் பெயர் வைக்கவில்லை. ஆயுத பூஜைக்கு முந்தின இரவு முழுக்கத் தேய்ப்பது அவன். காலையில் அந்த பம்பருக்குச் சந்தனம் வைப்பது ஓனர்.

பம்பர் நம்மை ஒன்றும் செய்யாது. முலாம் பூசும் தொட்டி வேறு கதை. அதில் இருப்பது ஆறிணைதிறன் குரோமியம். மூக்கின் நடுத்தண்டைத் துளைக்கும், கையில் ஆறாத குழிப்புண் வைக்கும், நுரையீரல் புற்றுநோய் தரும். ராணிப்பேட்டையில் 1990களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவு ஒரு லட்சம் டன்னுக்கும் மேல். நிலத்தடி நீரில் அது இன்றும் இறங்குகிறது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அண்ணல் கொண்டுவந்த மசோதாதான் 1946ல் ஆலைத் தொழிலாளிக்கு வாரம் 48 மணி நேரம் என்று ஆக்கியது. சாலைக்கு அது வந்து சேர மேலும் 15 ஆண்டு. 1961ன் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்றது. தொழிலாளி யார் என்ற வரையறையில் 'கிளீனர்' என்ற சொல்லும் இருக்கிறது. படிக்கையில் எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. பிறகு 10ஆம் பிரிவைப் பார்த்தேன். சீருடை, மழைக்கோட்டு, துணி வெளுக்கும் படி, இவை டிரைவருக்கு, நடத்துநருக்கு, லைன் செக்கிங் ஊழியருக்கு. கிரீஸிலும் கரியிலும் புரளுகிறவன் பெயர் அங்கே இல்லை.

இன்னொன்று, 5 தொழிலாளர்களாவது இருந்தால்தான் அந்தச் சட்டம் தானாகப் பொருந்தும். ஒரு லாரிக்கு டிரைவர், கிளீனர் என இருவர். இரண்டு லாரி வைத்திருப்பவரிடம் நான்கு பேர். ஆக, மூன்றாவது லாரியிலிருந்துதான் சட்டம் பிறக்கும். இந்தச் சட்டத்தை விழுங்கிய 2020ன் பணிப்பாதுகாப்புத் தொகுப்பில் அந்த எண் 10 ஆகிவிட்டது. இப்போது ஐந்தாவது லாரி வரை காத்திருக்க வேண்டும்.

கிளீனர் வேலையில் ஒரு நல்லதும் இருந்தது: ஏணி. நான்கைந்து வருடம் துடைத்தவன் ஸ்டியரிங் பிடித்துவிடுவான். சங்ககிரிப் பக்கம் நான் பேசிய ஒரு பெரியவர், "வண்டியக் கழுவித்தான் தம்பி வண்டியக் கத்துக்கிட்டேன்" என்றார். ஆனால் கனரக வாகன உரிமத்துக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி கட்டாயம் என்ற விதி வந்தபோது, பள்ளியை விட்டதால் கிளீனரானவனுக்கு அந்த ஏணியும் போனது. 2019ல்தான் விதியை நீக்கினார்கள். அதற்குள் டீசல் விலையும் கூலிக் கணக்கும் பார்த்து ஓனர்கள் பலர் கிளீனரே வேண்டாம் என்று நிறுத்தியிருந்தார்கள்.

துடைக்கும் வேலை மறையவில்லை, வாட்டர் வாஷ் கொட்டகைக்கு இடம் மாறியது. அங்கே அலுமினியத்தை வெளுக்க ஆசிட் தெளிக்கிறார்கள், பல இடங்களில் லேபிள் இல்லாத கேனிலிருந்து. அமெரிக்காவில் இந்த வகைத் திரவங்களில் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் இருந்து லாரி கழுவுவோர் வெந்துபோனதை அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையமே 2015ல் பதிவு செய்தது. தோலில் பட்டவுடன் வலிக்காமல் இருக்கலாம். உள்ளே இறங்கி உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், இதயத்தையும் பாதிக்கும். கொட்டகைகளில் பேசப் போகும் தோழர்கள் இதை மட்டுமாவது சொல்லிவிட்டு வாருங்கள்: பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும், வலி வரக் காத்திருக்கக் கூடாது. இதற்கான மருந்து கால்சியம் குளுக்கோனேட் ஜெல். மருத்துவமனைக்குப் போகும்போது அந்தக் கேனையும் கையோடு எடுத்துப் போகச் சொல்லுங்கள்.