பாரிஸ் நகரத்துப் பிராசரி

நோட்டன் பிரிட்ஜ் கடைத்தெருவில் அட்டன் பேருந்துக்காகக் காத்து நிற்பவர், மழை வலுத்தால் தேநீர்க்கடையொன்றில் ஒதுங்குவார். ஒரு சாயத்தண்ணி, இரண்டு வடை. காலை பத்து மணியாயினும் மாலை நான்கு மணியாயினும், 'இது உண்ணும் வேளையன்று' எனக் கடைக்காரர் அவரைத் திருப்பி அனுப்புவதில்லை. பாரிஸ் மாநகரில் இந்தச் சலுகை எங்கும் கிடைப்பதன்று. அங்கே 'ரெஸ்தோரான்' எனப்படும் உணவுச்சாலைகளிற் பல, பகலுணவு முடிந்ததும் அடுப்பை அணைத்துவிடும். மாலை ஏழு மணியளவிலேதான் மீண்டும் கதவு திறக்கும். இடைவேளையிற் பசித்து வந்தவனுக்குப் புகலிடம் 'பிராசரி'.

பிராசரி என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்குப் பியர் வடிக்கும் சாலை என்பதே முதற்பொருள். பியருக்குப் பேர்பெற்றது ரைன் நதியின் மேற்குக் கரையிலுள்ள அல்சாஸ் மாகாணம். அம்மாகாணத்தார் பாரிசுக்கு வந்து கடை வைப்பது முன்னரும் இருந்ததே. பஸ்தீல் சதுக்கத்தருகே இன்றும் நடைபெறும் போஃபாஞ்சே பிராசரி 1864ஆம் ஆண்டினது. ஆயினும் அந்த வரவைப் பெருக்கியது ஒரு போர். 1870இல் பிரஷ்யாவுடன் பொருது தோற்ற பிரான்ஸ், மறு ஆண்டு பிராங்பர்ட் உடன்படிக்கையால் அல்சாஸையும் லொரேனின் ஒரு பகுதியையும் ஜெர்மனிக்கு விட்டுக்கொடுத்தது. அங்குள்ளோர் பிரெஞ்சுக் குடிகளாகவே நீடிக்க விரும்பினால் 1872 அக்டோபர் முதலாந் தேதிக்குள் ஊரைவிட்டு வெளியேற வேண்டும். மண்ணா, குடியுரிமையா என்ற கேள்வி அது. இலட்சத்துக்கு மேற்பட்டோர் மண்ணைத் துறந்தனர்.

மலையக நேயர்களுக்கு இக்கேள்வியை விளக்க வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், இருந்த இடத்தைவிட்டு அசையாத தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் கைச்சாத்திட்ட ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிய முடிவு பிறகு என்று ஒத்திவைத்தது. அல்சாஸ்காரனுக்குத் தெரிவு செய்ய ஓராண்டுக்கு மேற்பட்ட அவகாசமாவது கிடைத்தது.

1880இல் லெயொனார் லிப் என்ற அல்சாஸ்காரர் பாரிசில் சென்ஜெர்மென் வீதியில் ஒரு பிராசரி திறந்தார். பின்னாளில் அவர் பெயராலேயே புகழ்பெற்ற அக்கடைக்கு அவர் முதலில் இட்ட பெயர் 'ரைன் நதிக்கரை'. இழந்த ஊரைப் பெயர்ப்பலகையில் எழுதி வைத்துக்கொண்டார் எனலாம். அங்கு பரிமாறப்பட்டதும் ஊர் உணவே. 'சூக்ரூத்' என்பது, நம் நுவரெலியாவில் விளையும் கோவாவைப் போன்றதை மெல்லியதாகச் சீவி, உப்பிட்டுப் புளிக்கவைத்து, பன்றியிறைச்சியுடன் வேகவைத்த பண்டம். குளிர்கால ஏழையுணவு அது. நிலைக்கண்ணாடிச் சுவர்களும், தோலாசனங்களும், நீண்ட வெள்ளை மேலங்கி கட்டிய பரிசாரகரும் சேர்ந்து அதைச் சீமான்களும் நாடும் உணவாக்கிவிட்டார்கள்! அல்சாஸ் 1918இல் பிரான்சுக்கு மீண்டது; கடைக்காரர்கள் பலர் பாரிசிலேயே தங்கிவிட்டனர்.

ஒரு நூற்றாண்டு கழிந்தபின் அதே நகருக்கு வேறோர் அகதிக் கூட்டம் வந்தது. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் இலங்கைத் தமிழர் பாரிசுக்குப் பெருகிச் சென்றனர், பெரும்பாலும் வடபகுதியார். மொழி தெரியாதவருக்கு எளிதில் அகப்பட்ட வேலை உணவுச்சாலைகளின் பின்கட்டிலே இருந்தது. தட்டுக் கழுவினர், கிழங்கு சீவினர்; சிலர் ஆண்டுகள் சென்றபின் சமையற்காரராக உயர்ந்து, பிரெஞ்சுப் பண்டங்களைப் பிரெஞ்சுக்காரருக்கே சமைத்துக் கொடுத்தனர். கூடத்தில் உண்பவர் அவர்கள் முகத்தைக் காண்பது அரிது.

இவர்களும் கடை வைக்கத் தொடங்கினர். வடக்கு ரயில் நிலையத்துக்கருகில், லா ஷப்பேல் பகுதியிலும் சென்தெனி புறவீதியிலும், தமிழ்ப் பெயர்ப்பலகைகளின் கீழ் தோசை வார்க்கப்படுகிறது, கொத்துரொட்டி தட்டப்படுகிறது. பலசரக்குக் கடைகளில் இலங்கைத் தேயிலையும் விற்பனைக்கு உண்டு. பிராசரியில் வேலை முடிந்து வருபவர் அங்கே அமர்ந்து, பால் கலவாத தேநீர் ஒன்று கேட்கிறார்.