மூன்றாம் தரப்புச் சரக்கு மேலாண்மை

மூன்றாம் தரப்புச் சரக்கு மேலாண்மை என்பது, விற்பவரும் வாங்குபவரும் அல்லாத ஒரு நிறுவனம் கிடங்கு, இருப்புக் கணக்கு, பொதிகட்டல், போக்குவரத்து, திரும்பிவரும் சரக்கு முதலியவற்றில் பலவற்றை ஒப்பந்தப்படி ஏற்று நடத்தும் முறை. தொழில் வட்டாரத்தில் 'த்ரீ பி.எல்.' என்பர். சரக்கு இந்நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கும், உடைமை மாறுவதில்லை. லாரியை மட்டும் வாடகைக்கு விடுவது இதில் சேராது.

முன்னோடிகள்

எடுத்துக்காட்டாக, தமிழ்நாட்டின் மேலகரம், தென்காசி, செங்கோட்டை வட்டாரத்துச் சரக்கு முன்பு ஆரியங்காவுக் கணவாய் வழியே திருவிதாங்கூருக்கு மாட்டுவண்டிகளில் சென்றது. 1904இல் செங்கோட்டை–கொல்லம் மீட்டர்கேஜ் ரயில் பாதை திறக்கப்பட்டது. பின்னர் லாரி ஆபீசுகளும் பார்சல் சர்வீசுகளும் வந்தன. இவை சரக்கை ஏற்றி இறக்கின. இருப்பு வைப்பது வணிகரின் வேலையாகவே இருந்தது. வழியில் சேதமானால் யார் பொறுப்பு என்பதை 1865ஆம் ஆண்டின் சரக்கேற்றுவோர் சட்டம் வரையறுத்தது. அதன் இடத்தில் பின்னர் 2007ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது.

வளர்ச்சி

அமெரிக்காவில் 1980ஆம் ஆண்டுச் சட்டம் லாரித் தொழில்மீதிருந்த கட்டுப்பாடுகளைத் தளர்த்தியபின் இம்முறை பரவியது. தமிழ்நாட்டில் 1990களின் இறுதியில் சென்னையைச் சுற்றி எழுந்த கார் ஆலைகள் இதற்குத் தேவையை உண்டாக்கின. உதிரிபாகம் குறித்த வேளையில் வராவிட்டால் அங்கே உற்பத்தி வரிசையே நின்றுவிடும்.

நெல்லைச் சீமையின் திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1911இல் மதுரையில் தொடங்கிய டி.வி.எஸ். குழுமம், பேருந்து, லாரி, உதிரிபாக வணிகங்களில் வேரூன்றியது. அக்குழுமத்திலிருந்து 2004இல் உருவான சரக்கு மேலாண்மை நிறுவனமே இன்றைய டி.வி.எஸ். சப்ளை செயின் சொல்யூஷன்ஸ். அது 2023 ஆகஸ்டில் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டது.

வரியும் கிடங்கும்

ஜி.எஸ்.டி. எனும் சரக்கு, சேவை வரி வருமுன், மாநிலம் விட்டு மாநிலம் விற்றால் மத்திய விற்பனை வரி இருந்தது. தன் சொந்தக் கிடங்குக்கே அனுப்பினால் இல்லை. அதனால் நிறுவனங்கள் மாநிலத்துக்கு ஒரு கிடங்கு வைத்து, சரக்கைப் பெற்று வைத்து அனுப்பும் 'சி அண்ட் எஃப்' ஏஜென்டுகளிடம் ஒப்படைத்தன. இந்திய மூன்றாம் தரப்பு முறையின் உடனடி முன்னோடிகள் இவர்களே. 2017 ஜூலை 1இல் ஜி.எஸ்.டி. வந்ததும் அந்தக் காரணம் அற்றுப்போனது. சிறு கிடங்குகள் பல இணைந்து பெருங்கிடங்குகளாயின. மாநில எல்லைகளின் வணிகவரிச் சோதனைச்சாவடிகளும் நீங்கின. மாநிலங்களுக்கிடையே 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு 2018 ஏப்ரல் 1 முதல் இ-வே பில் எனும் மின்னணுச் சரக்குச் சீட்டு கட்டாயமானது.

எல்லை

எல்லாச் சரக்கும் இம்முறைக்கு ஒத்துவருவதில்லை. தென்காசி வட்டாரத்துப் பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து கேரளத்துக்குப் போகும் காய்கறி, கமிஷன் மண்டிக்காரர், லாரிக்காரர் வழியாகவே பெரும்பாலும் கைமாறுகிறது. விலை அன்றன்று முடிவாகும். சரக்கும் நாள்கணக்கில் தாங்காது. நீண்டகால ஒப்பந்தமும் இருப்புக் கிடங்கும் அவ்வணிகத்தில் பயன்தருவது அரிது.